தூங்கும் இன்ஜினும் சும்மா மாமாவும்

இரும்புக் கம்பியைப் பெரிய சக்கரத்தின் துளையில் செருகி, உடம்பின் பாரத்தை எல்லாம் அதன் மேல் போட்டு, ஒன்றேகால் சுற்று சுற்றி முடிப்பதற்குள் மாமாவுக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. கம்பியை உருவித் துடைத்து மாட்டினார். இன்ஜினின் பச்சைப் பெயின்ட் அடித்த விலாவில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார்.

"இன்னைக்கும் நீ தூங்குடா ராஜா. உன்னை எழுப்புற மாதிரி எதுவும் வரவேண்டாம்."

பாதியை இன்ஜினிடமும் மீதியை ஆண்டவனிடமுமாகச் சொன்னார். முப்பத்தோரு நாளாக இதே வார்த்தைதான். பிறகுதான் முதல் டம்ளர் டீ.

ஓடாத இன்ஜினை எதற்குத் தினமும் கையால் சுற்ற வேண்டும் என்று கேட்காதவர் கப்பலில் இல்லை. ஒரே பக்கமாகப் படுத்தே கிடந்தால் நமக்கு முதுகு புண்ணாகாதா, அதுபோலத்தான் என்பார் மாமா. இதைக் கேட்டவர்கள் சிரித்துவிட்டு மேலே ஏறிப் போய்விடுவார்கள். அவர்களுக்கு வேலை மேலே. அது மூன்று மரம் உள்ள பாய்க்கப்பல். காற்றையும் கயிற்றையும் கற்றுக்கொள்ளப் பெயர் கொடுத்து வந்தவர்கள் நாற்பத்திரண்டு பேர். கல்லூரியை முடித்தவர்கள் உண்டு. ஒரு நர்ஸ், ஒரு தபால்காரர், வேலைக்கு ஒரு வருடம் விடுப்புப் போட்டுவிட்டு வந்த ஒரு தலைமை ஆசிரியை என்று எல்லாத் தினுசும் உண்டு. கடல் நடுவில் காற்றை மட்டும் நம்பிப் போவதுதான் அவர்கள் படிக்க வந்த படிப்பு. இன்ஜின் துறைமுகத்துக்குள் நுழைய ஒன்று, ஆபத்துக்கு ஒன்று. நடுவில் அதற்கு வேலை கிடையாது. அதனால் அதைப் பார்த்துக்கொள்பவருக்கும் வேலை கிடையாது என்று முடிவு கட்டி, 'சும்மா மாமா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளாமல் திரும்பிப் பார்ப்பார்.

உண்மையில் அந்தக் கப்பலில் அவரைப்போல் ஓடியாடுகிறவர் இன்னொருவர் இல்லை. விளக்கெரிய ஜெனரேட்டர், உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் மெஷின், சமையலறை ஃப்ரிட்ஜ், ஆறு கழிவறை எல்லாம் அவர் தலையில். குளிக்க ஆளுக்கு இரண்டு நிமிடம். பம்ப்பின் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டே வேறு வேலை பார்ப்பார். இரண்டு நிமிடம் தாண்டினால் ஸ்பேனரால் குழாயில் 'டங் டங்' என்று இரண்டு தட்டு. சோப்பு நுரையோடு நிற்கிறவருக்கு அது, 'போதும் கண்ணு, மத்தவங்களும் குளிக்கணும்' என்று கேட்கும்.

கழிவறை அடைத்துக்கொண்டால் சீப்பு, கரண்டி, ஒரு தடவை யாருடைய மூக்குக்கண்ணாடியோ வந்திருக்கிறது. எதை எடுத்தாலும் சுடுதண்ணீரில் கழுவி, துடைத்து, சாப்பாட்டு மேசை ஓரத்தில் வைத்துவிடுவார். "யாருதுன்னு நான் கேக்கல. யாரும் சொல்லவும் வேண்டாம். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன், எடுத்துக்கோங்க" என்பார். நிஜமாகவே திரும்பி நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். திரும்பும்போது கண்ணாடி போயிருக்கும்.

வெயில் என்பது அவருக்குப் படியிறங்கி வருகிறவர்கள் சொல்லும் சேதி. கடலுக்குப் போய் வந்தவர்கள் கறுத்து வருவார்கள். இவர் வெளுத்து வருவார். வீட்டில் பள்ளிச் சீருடை தைக்கும் அவர் மனைவி, கையில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டே ஏற இறங்கப் பார்த்து, "நீங்க கப்பலுக்குத்தான் போனீங்களா, இல்ல யார் வீட்டுப் பரண்லயாவது ஒளிஞ்சிருந்தீங்களா?" என்று கேட்பாராம். பதினான்கு வருடமாக இதே கேள்வி. இரண்டு மகள்களும் விழுந்து விழுந்து சிரிப்பார்களாம். இதைச் சொல்லும்போது மாமாவும் சிரிப்பார்.

மேலே நடப்பதைத் தெரிந்துகொள்ள அவர் ஒரு வழி வைத்திருந்தார். அந்தக் கடல் குளிர்ந்த கடல். மேலே நாலு மணி நேரம் காவல் நின்று வருகிறவர்களின் சாக்ஸ் பிழிந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் வரும். கப்பலில் துணி காய்கிற ஒரே இடம் ஜெனரேட்டரின் சூடு வீசும் இன்ஜின் அறை. "காயப்போடலாமா மாமா?" என்று யாராவது தலையை நீட்டினால் அவர் கேட்பது ஒன்றுதான்.

"மேல என்ன சேதி?"

சேதி சொன்னால் சாக்ஸ் காயும். திமிங்கிலம் மூச்சு விட்டது, நடுமரத்துப் பாய் கிழிந்தது, தபால்காரர் பாட்டுப் பாடினார், யாரும் கேட்கவில்லை என்று தினம் இருபது பேர் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த அறையில் துணி காயப்போட வாகான இடமும் இருந்தது. இன்ஜினுக்குப் பின்னால், கப்பலைத் தள்ளும் விசிறியைச் சுழற்றுகிற நீளமான தண்டு. பாய் விரித்துப் போகும்போது அது சுற்றாமல் பூட்டு போட்டு வைப்பது வழக்கம். அசையாத தண்டு, பக்கத்திலேயே சூடு. முதல் வாரம் ஒரு துணிக்கொடி கட்டினார்கள். பிறகு இரண்டு. முப்பதாம் நாள் ஏழு கொடி. கட்டியவர்கள் எல்லாரும் முடிச்சுப் போடப் படிக்கிறவர்கள் இல்லையா? காலையில் கற்ற முடிச்சை எல்லாம் மாலையில் அங்கே போட்டுப் பழகினார்கள். மாமாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிள்ளைகள் ஆசையாகக் கட்டுகிறார்கள் என்று விட்டுவிட்டார்.

அவரைத் தினமும் சீண்டுவதற்கென்றே ஒருவர் இருந்தார். கயிற்று மேஸ்திரி. மரம், பாய், நூற்று அறுபது கயிறு, அத்தனைக்கும் அவர்தான் பொறுப்பு. குரல் காற்றை எதிர்த்துப் போகும். ஒரு நாளைக்கு முப்பது தடவை, "கொக்கிய மாட்டு! உசுரு ஒண்ணுதான், கொக்கிய மாட்டு!" என்று கத்துவார். உயரத்தில் ஏறுகிறவர்கள் இடுப்பு வாரில் இருக்கும் கொக்கியைக் கயிற்றில் மாட்டிக்கொள்ள வேண்டும், அதற்கு.

"யோவ் சும்மா! இன்னைக்கும் உக்காந்தே சம்பளமா?"

"உங்க புண்ணியம் மேஸ்திரி."

"நல்லா உக்காரு. நீ எந்திரிச்சா என் பொழப்புல மண்ணு."

விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் உள்ளே ஒரு பெரிய ஆசை இருந்தது. துறைமுகத்தை விட்டதிலிருந்து அடுத்த துறைமுகத்தின் வாசல் வரை ஒரு நிமிடம்கூட இன்ஜின் ஓடாமல் போய்ச் சேர்ந்தால், நடுமரத்தின் உச்சியில் நாற்பது அடி நீளத்துக்கு ஒரு சிவப்புக் கொடி பறக்கவிடுவது அந்தக் கப்பலின் வழக்கம். பதினெட்டு வருடத்துக்கு முன் ஒரே ஒரு தடவை பறந்ததாம். அப்போது இவர்கள் இருவருமே இந்தக் கப்பலில் இல்லை. மேஸ்திரி பழம்பாய்த் துணியில் அந்தக் கொடியைத் தன் கையாலேயே தைத்து, சாயம் போட்டு, ஒன்பது வருடமாகப் பெட்டியில் வைத்திருந்தார். புறப்பட்ட அன்று கீழே இறங்கி வந்து, இன்ஜினைக் கிளப்பும் அழுத்தக் காற்றைத் திறக்கும் திருகில் மெழுகுக் கயிற்றால் ஒரு முடிச்சுப் போட்டார்.

"இத அவுக்க எனக்கே பத்து நிமிஷம் ஆகும். உன்னால முடியாது" என்றார்.

"நான் ஏன் அவுக்கப் போறேன்? எனக்கும் ஆசை இருக்காதா?" என்றார் மாமா.

இருபத்தொன்பதாம் நாள் காற்று நின்றது. பாயெல்லாம் துவண்டு தொங்கியது. இரண்டு நாள் கப்பல் குளத்தில் விட்ட வாத்துபோல் நின்ற இடத்திலேயே நின்றது. உருளைக்கிழங்கு தோல் சீவிச் சீவிக் கை சலித்த தபால்காரர் படியில் வந்து உட்கார்ந்து, "மாமா, ஒரு அரை மணி நேரம். மெதுவா. யாருக்கும் தெரியாம" என்று கெஞ்சினார்.

"எனக்குத் தெரியுமே தம்பி."

"நீங்க சொல்லமாட்டீங்க."

"மேல ஒருத்தன் இருக்கான், அவன்கிட்ட என்ன சொல்றது?"

"மேஸ்திரிகிட்டயா?"

"அவருக்கும் மேல."

முப்பத்தோராம் நாள் மதியம் சாப்பாடு முடிந்த நேரம். மாமாவின் மேசைக்கு மேல் நூலில் ஒரு இரும்பு நட்டு தொங்கும். பின்னால் சுவரில் சாக்பீஸ் கோடுகள். கப்பல் எவ்வளவு சாய்கிறது என்று பார்க்க அவரே செய்துகொண்டது. இரண்டு நாளாக நடுக்கோட்டிலேயே நின்ற நட்டு மெல்ல நகர்ந்தது. ஒரு கோடு. இரண்டு கோடு. நான்கு. கப்பலின் வயிற்றை ஒட்டித் தண்ணீர் சலசலத்தது. பிறகு இரைந்தது. மேலே நாற்பது ஜோடிக் கால்கள் தடதடவென்று ஓடின. மேஸ்திரியின் குரல், கூட இழுக்கிறவர்களின் 'ஹோ... ஹோ'. டீ டம்ளர் வழுக்கிக்கொண்டு போக, மாமா அதைப் பிடித்தபடியே கூரையைப் பார்த்துச் சிரித்தார்.

தலைமை ஆசிரியை ஈரச் சாக்ஸோடு படியில் குதித்து இறங்கினார். ஐம்பது வயது, பள்ளிக்கூடத்தில் இப்படிக் குதித்தால் பிள்ளைகள் பார்த்துத் திகைத்துப் போவார்கள்.

"மேல என்ன சேதி டீச்சர்?"

"பறக்குது மாமா! பன்னெண்டு மைல் வேகமாம்! இன்னும் நூத்தி எண்பதுதான் பாக்கி. நாளைக்குக் கரையாம்! மேஸ்திரி கொடிப் பெட்டியவே மேல கொண்டாந்து வச்சுட்டாரு. முன்னாடி கடல் மேல நீட்டிக்கிட்டு இருக்கிற கொம்புல ஏதோ கயிறு சிக்கிக்கிச்சு, அவரே ஏறி..."

மணி அடித்தது. நிறுத்தாமல் அடித்தது.

பேசும் குழாயில் கேப்டன் அம்மாவின் குரல். எப்போதும் தணிந்து பேசுகிறவர்.

"மாமா! ஆள் கடல்ல! இன்ஜின் வேணும். இப்பவே!"

"இதோம்மா!" என்று திரும்பியவர் அப்படியே நின்றார். விசிறித் தண்டு முழுக்க சாக்ஸ். ஏழு கொடி, முப்பது நாற்பது முடிச்சு. அப்படியே இன்ஜினைத் தண்டோடு இணைத்துவிட்டால் எல்லாம் அதில் சுருட்டிக்கொண்டு இறுகிவிடும். அப்புறம் ஆண்டவனே வந்தாலும் சுற்றாது.

"டீச்சர், துணிய இழுங்க! கிழிஞ்சாலும் பரவால்ல, இழுங்க!"

டீச்சர் இரண்டு கையாலும் வாரி வாரிப் பின்னால் எறிந்தார். மாமா கத்தியை எடுத்து முடிச்சுகளை அறுத்தார். அவிழ்க்க நேரமில்லை. ஒன்று அறுந்தால் இன்னொன்று இறுகியது. பிள்ளைகள் நன்றாகத்தான் படித்திருக்கிறார்கள். ஐந்தாவது கொடி, ஆறாவது கொடி. கடைசிக் கயிறு தண்டுக்கு அடியில் எண்ணெய்த் தண்ணீருக்குள் போய்ச் சிக்கியிருந்தது. வயிற்றால் படுத்து, தோள் வரை கையை விட்டுத் தடவினார். வரவில்லை. முகம் தண்ணீரில் அமுங்கியது. "ஐயோ, விடு, விடேன்" என்று யாரிடமோ கெஞ்சினார். வந்துவிட்டது. எழுந்தார், தண்டின் பூட்டை விடுவித்தார், காற்றுத் திருகிடம் தாவினார். மேஸ்திரியின் மெழுகு முடிச்சு எதிரே நின்றது. ஒரே வெட்டு.

"எந்திரிடா ராஜா!"

உஸ்ஸென்று காற்றுப் புகுந்தது. பெரிய சக்கரம் அசைந்தது. தினம் கையால் சுற்றிய ராஜா ஒரே அழைப்பில் எழுந்துகொண்டான். அறை முழுவதும் அதிர்ந்தது.

"ஓடுதும்மா! இன்ஜின் தயார்!" என்று குழாயில் கத்தினார். "யாரும்மா? விழுந்தது யாரு?"

காற்றின் இரைச்சலோடு குழாயில் பதில் வந்தது.

"மேஸ்திரி."

மாமாவின் கை நெம்புகோலிலேயே இருந்தது. வாய் மட்டும் எதையோ முணுமுணுத்தது.

அதன் பிறகு நடந்தது எதையும் அவர் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. மெதுவாக முன்னே என்றால் முன்னே, நிறுத்து என்றால் நிறுத்து, பின்னே என்றால் பின்னே. கேப்டன் சொல்லி முடிப்பதற்குள் செய்தார். டீச்சர் படியின் உச்சியில் பாதி உடம்பை வெளியே நீட்டி நின்றுகொண்டு, மாமா கேட்கக் கேட்க, வகுப்பு நடத்துகிற குரலில் கீழே கத்திப் பதில் சொன்னார்.

"மேல என்ன சேதி?"

"பாயெல்லாம் எறக்கிட்டாங்க! கப்பல் திரும்புது!"

"ஆள் தெரியுதா?"

"இல்ல! அலைதான் தெரியுது! மிதவை தெரியுது!"

"மிதவைல ஆள் இருக்கா டீச்சர்?"

டீச்சர் இன்னும் எட்டிப் பார்த்தார். மாமா ஒரு கையால் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு மறு கையை இன்ஜினின் விலாவில் வைத்தார். இந்தத் தடவை தூங்கச் சொல்லவில்லை. விட்டுடாதே, விட்டுடாதே என்றார். அது ராஜாவுக்கா, கடலில் கிடக்கிறவருக்கா, எல்லாரையும் பார்த்துக்கொள்கிறவனுக்கா என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

"கை! கை தெரியுது மாமா! கைய ஆட்டுறாரு!"

"மெதுவா முன்னே" என்றது குழாய். "இன்னும் மெதுவா. நிறுத்து. நிறுத்துங்க மாமா!"

நிறுத்தினார்.

"படகு எறங்கிருச்சு! பக்கத்துல போயிட்டாங்க! ஐயோ, அலை மறைக்குது... பிடிச்சுட்டாங்க! வலைல போட்டுத் தூக்குறாங்க!"

"பேசுறாரா?"

"இருங்க... பேசுறாரு! திட்டுறாரு மாமா! படகைத் தப்பா கட்டிட்டாங்கன்னு திட்டுறாரு!"

"திட்டுறாரா? அப்ப சரி" என்றார் மாமா. சொல்லிவிட்டு அப்படியே தரையில், ஈரச் சாக்ஸ் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டார். மேலே கப்பலே கிடுகிடுக்கிற மாதிரி கூச்சல். நர்ஸ் மட்டும் சத்தம் போட்டு எல்லாரையும் விலகச் சொல்லிக்கொண்டிருந்தார். சிவப்புக் கொடியைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை.

பதினெட்டு நிமிடம் தண்ணீரில் கிடந்திருக்கிறார் மேஸ்திரி. கொம்பில் சிக்கிய கயிற்றை எட்ட முடியாமல், ஒரே ஒரு நொடி, தன் கொக்கியைத் தானே கழற்றியிருக்கிறார். அந்த நொடிக்கென்று ஒரு அலை வந்திருக்கிறது.

மாமா கை கழுவிவிட்டு இன்ஜின் புத்தகத்தைத் திறந்தார். பென்சிலால் முத்து முத்தாக எழுதினார். 'அழைப்பு வந்தது 2.12. இன்ஜின் ஓடியது 2.16. தாமதம் நான்கு நிமிடம். காரணம்: விசிறித் தண்டில் துணி காயப்போட விட்டது. விட்டவர்: நான்.' அதை எடுத்துக்கொண்டு கேப்டன் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

கேப்டன் அம்மா இரண்டு தடவை படித்தார்.

"இந்தத் தண்ணில நாலு நிமிஷம்னா என்னன்னு தெரியுமா மாமா?"

"தெரியும்மா. அதனாலதான் எழுதினேன்."

"யாரும் கேட்டிருக்க மாட்டாங்க."

"அதனாலயும்தான்."

கேப்டன் பென்சிலை வாங்கினார். 'விட்டவர்: நான்' என்பதற்குக் கீழே 'நானும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "என் சாக்ஸ் ரெண்டு ஜோடி அங்கதான் கெடந்துச்சு. நேத்து நானே வந்து போட்டேன். நீங்க சேதி கேட்டீங்க, நானும் சொன்னேன்" என்றார். இருவரும் சிரிக்கவில்லை. "நாளையில இருந்து தண்டுல ஒரு நூல்கூடத் தொங்கக் கூடாது. போய் அவரைப் பாருங்க, உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு."

மேஸ்திரி தன் படுக்கையில் நாலு போர்வைக்குள் கிடந்தார். மூக்கும் கண்ணும் மட்டும் வெளியே தெரிந்தன. பல் தந்தியடித்தது.

"யோவ்... என் முடிச்ச அவுத்தியா?"

"இல்ல மேஸ்திரி. அறுத்துட்டேன்."

"எத்தன அறுப்பு?"

"ஒண்ணுதான்."

"நல்ல கத்தி" என்றார் மேஸ்திரி. மேலே பலகையைப் பார்த்தார். "நூத்தி எண்பது மைலு. ஒரே ஒரு நாளு. கொக்கிய மாட்டுன்னு ஊருக்கெல்லாம் சொன்னேன், எனக்குச் சொல்லிக்கல பாரு."

மாமா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். சொல்ல வந்ததைச் சொல்லாமல் எழுந்து போக அவருக்குத் தெரியாது.

"மேஸ்திரி, நான் நாலு நிமிஷம் பிந்திட்டேன். தண்டுல துணி காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அது இல்லேன்னா நீங்க அவ்வளவு நேரம் கெடந்திருக்க வேண்டாம். நான் விட்டிருக்கக் கூடாது."

கப்பல் ஒரு தடவை சாய்ந்து நிமிர்ந்தது. மேலே யாரோ மறுபடி பாய் விரிக்கிற சத்தம். போர்வை அசைந்தது. அதற்குள்ளிருந்து ஒரு கை மெல்ல வெளியே வந்து, மாமாவின் பக்கமாக நீண்டது. தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிய கை. மடக்கப் பார்த்தும் விரல்கள் மடங்கவில்லை.

மாமா தன் உள்ளங்கைகளைத் தொடையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டார். எண்ணெய்க் கறை போகவில்லை. அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கட்டை விரலிலிருந்து ஒவ்வொரு விரலாகச் சூடு வரத் தேய்க்கத் தொடங்கினார். சுண்டு விரல் முடிந்ததும், மறுபடி கட்டை விரலுக்குப் போனார்.